பாலாற்றைப் பார்க்கும் பல நாட்டுச் செயற்கைக்கோள்கள்: தரவுகளைச் சேர்த்துப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஏரி, ஆறு, பயிர் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் தரவு வைத்துப் படிக்கத் தொடங்கும் கல்லூரி மாணவர்களும், நீர்நிலைப் பாதுகாப்புக் குழுக்களும், விவசாயிகள் சங்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒரு நாட்டின் தரவு இன்னொரு நாட்டின் தரவோடு தானாகப் பொருந்துவதில்லை. பொருந்த வைக்க என்ன வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருக்கும் சங்கதி.

கேள்வி: புவி நோக்குத் தரவு என்றால் செயற்கைக்கோள் படம் மட்டும்தானா?

இல்லை. தாலுகா அலுவலகத்து மழைமானி, ஆற்றுப் பாலத்தில் வரைந்திருக்கும் நீர்மட்ட அளவுகோல், நிலத்தடி நீர் பார்க்கும் கிணறு, கடலில் மிதக்கும் கருவி எல்லாமே இதில் சேர்த்தி. தரையில் எடுத்த அளவு கையில் இல்லையென்றால் மேலிருந்து எடுத்த படம் சரியா தப்பா என்று சொல்ல வழியில்லை.

கேள்வி: லேண்ட்சாட், சென்டினல் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறதே. அப்புறம் என்ன பிரச்சினை?

கிடைக்கிறது, உண்மைதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதல் படம் எடுக்கிறது. 2008-ல் அதன் களஞ்சியம் முழுவதும் இலவசமானது. ஐரோப்பாவின் சென்டினல் தொடக்கம் முதலே இலவசம். 2023-ல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை, ஒரு பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) தரையில் 5 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் இஸ்ரோ படங்களைத் தாராளமாகத் தரச் சொல்கிறது. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பேசுவது வேறு.

‘4-ஆம் பேண்ட்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் என்றால் கருவி தனியாகப் பிரித்து அளக்கும் ஒரு நிற ஒளி. லேண்ட்சாட்-5ல் அது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. லேண்ட்சாட்-8ல் அதே எண் சிவப்பு. சென்டினல்-2லும் சிவப்பு. நம் ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கருவியில் மறுபடியும் அகச்சிவப்பு. பயிரின் பசுமையைக் கணக்கிட இந்த இரண்டு நிறங்களும்தான் வேண்டும். பெயரை நம்பி நிரல் எழுதினால் அணைக்கட்டுப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் பொட்டல் காடாகத் தெரியும்.

பெயர் சரியாக இருந்தாலும் எண் ஏமாற்றும். ஃபைலில் இருப்பது நேரடியான பிரதிபலிப்பு அளவு அல்ல, இடத்தைச் சிக்கனப்படுத்த முழு எண்ணாக மாற்றி வைத்தது. லேண்ட்சாட்டின் இப்போதைய தொகுப்பில் அந்த எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். சென்டினல்-2ல் 10,000-ஆல் வகுக்க வேண்டும். அதிலும் 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பியர்கள் ஒவ்வொரு பிக்சலிலும் 1,000 கூட்டித் தருகிறார்கள். காரணம் நியாயமானதுதான்: மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தகவல் அறுந்துவிடும். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் பாருங்கள். பச்சைப்பசேல் என்ற ஒரு மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் சிவப்பு 500, அகச்சிவப்பு 3,500 என்று வையுங்கள். பசுமைக் குறியீடு என்பது இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது; இங்கே 0.75. அதே கொல்லை, கூட்டப்பட்ட எண்ணில் 1,500, 4,500, குறியீடு 0.50. கொல்லையில் எதுவும் மாறவில்லை. வரைபடத்தில் மட்டும் அந்த ஜனவரியில் வறட்சி வந்துவிட்டது!

இதில் இன்னொரு வம்பு: பழைய படங்களையும் புது முறையில் மறுபடி செய்து வெளியிடுகிறார்கள். சில இணையதளங்கள் தாங்களே 1,000-ஐக் கழித்துத் தருகின்றன, சில தருவதில்லை. அதனால் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபைலோடு வரும் மெட்டாடேட்டாவில், அதாவது படத்தைப் பற்றிய குறிப்பில், எந்தப் பதிப்பு, எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதை நிரலே படித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். லேண்ட்சாட்டையும் சென்டினல்-2ஐயும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து 30 மீட்டர் கட்டங்களாக நாசா ஒரு தொகுப்பு வெளியிடுகிறது. புதிதாக வருபவர்கள் அதிலிருந்து தொடங்கினால் பாதி தலைவலி மிச்சம்.

கேள்வி: இதையெல்லாம் ஒழுங்குபடுத்த உலகத்தில் ஒரு தலைமை அமைப்பு இல்லையா?

ஒரே தலைமை என்று இல்லை. செயற்கைக்கோள் நடத்தும் நிறுவனங்களின் குழு 1984 முதல் இருக்கிறது. இஸ்ரோவும் அதில் உண்டு. நாடுகள் சேர்ந்த புவி நோக்குக் குழு 2005-ல் உருவானது, செயலகம் ஜெனீவாவில். வானிலைத் தரவைப் பொறுத்தவரை உலக வானிலை அமைப்பு. தரவுப் பகிர்வு பற்றி அது 1995-ல் ஒரு தீர்மானம் போட்டது, பிறகு 2021-ல் அதைவிட விரிந்த ஒரே கொள்கை. ஃபைல் வடிவம், இணையச் சேவை ஆகியவற்றுக்கான விதிகளை 1994-ல் தொடங்கிய திறந்த புவிவெளிக் கூட்டமைப்பு எழுதுகிறது.

மாநாட்டுப் பிரகடனங்களால் பெரிதாக எதுவும் நகர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நகர்த்தியவை, ‘சிவப்புக்குச் சிவப்பு என்றே பெயர் வையுங்கள்’ என்ற அளவில் பொறியாளர்கள் எழுதிய சின்னச் சின்ன ஆவணங்கள்தான்.

கேள்வி: காவலூர் வானாய்வகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. ஜவ்வாது மலையில் இருக்கும் அந்தத் தொலைநோக்கிகள் மேலே பார்ப்பவை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். வானியலாளர்கள் 1981-லேயே ஃபிட்ஸ் என்ற ஒரே ஃபைல் வடிவத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். எந்தத் தொலைநோக்கி, எந்த நேரம், என்ன அலகு என்பதெல்லாம் அந்த ஃபைலின் தலையிலேயே படிக்கிற எழுத்தில் இருக்கும். நாற்பது வருடம் கழித்தும் திறக்கும், எந்த நாட்டு ஃபைலானாலும் திறக்கும். கீழே பார்ப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வானிலைக்காரர்கள் ஒரு பக்கம், நிலப்படம் வரைபவர்கள் ஒரு பக்கம், கடல் ஆய்வாளர்கள் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு வடிவம் வளர்த்துவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த ஃபைல் வடிவம் நல்லது?

படம் என்றால் ஜியோடிஃப், அதாவது பூமியில் எந்த இடம் என்ற தகவலும் உள்ளேயே இருக்கும் பட ஃபைல். அதிலும் கிளவுடுக்கு (இணைய சர்வரில் வைத்துப் படிப்பதற்கு) ஏற்றபடி அடுக்கிய ஜியோடிஃப். மழை, வெப்பம் போல நாள்தோறும் நீளும் தொடர் என்றால் நெட்சிடிஎஃப்.

கிளவுட் ஜியோடிஃப் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்டினல்-2ன் ஒரு துண்டு ஏறக்குறைய 110 கி.மீ. சதுரம். முழுதும் இறக்கினால் நூற்றுக்கணக்கான எம்.பி. உங்களுக்கு வேண்டியதோ சதுப்பேரி ஏரி மட்டும். இந்த வடிவத்தில் படம் உள்ளுக்குள் சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும், எந்தக் கட்டம் எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை முன்னாலேயே இருக்கும். மென்பொருள் முதலில் அட்டவணையை மட்டும் வாங்கிப் பார்த்து, ஏரி விழும் கட்டங்களை மட்டும் சர்வரிடம் கேட்கும். மாணவரின் மொபைல் டேட்டாவிலேயே வேலை முடிந்துவிடும். 2023-ல் இது முறையான சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது.

கேள்வி: நாசா, ஐரோப்பா, இஸ்ரோ என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டுமா?

முன்பு அப்படித்தான். இப்போது ஸ்டாக் என்ற கேட்லாக் முறை பரவியிருக்கிறது; அதன் முதல் முழுப் பதிப்பு 2021-ல் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன ஜேசன் ஃபைல் (நிரல் எளிதில் படிக்கும் எழுத்துக் குறிப்பு): எந்த இடம், எந்த நேரம், எத்தனை சதவீதம் மேகம், எந்தப் பேண்ட் எந்த இணைப்பில். அதில் பேண்டுகளுக்குச் சிவப்பு, பச்சை, அகச்சிவப்பு என்று பொதுப்பெயரும் உண்டு, மேலே சொன்ன 4-ஆம் பேண்ட் குழப்பத்துக்கு அதுதான் மருந்து. ஒரு கேட்லாக்கைத் தேட எழுதிய நிரலில் முகவரியை மாற்றினால் இன்னொரு கேட்லாக்கையும் தேடலாம்.

கணக்கு தொடங்குவது மட்டும் இன்னும் தனித்தனி. நாசாவுக்கு ஒன்று, சென்டினலை நடத்தும் ஐரோப்பியத் திட்டமான கோப்பர்னிக்கஸுக்கு ஒன்று, இஸ்ரோவின் தரவுத் தளமான பூநிதிக்கு ஒன்று. மூன்று பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: வேலூரின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் பனிப்பிரதேசம் வருகிறதே?

எண்கள் இடம் மாறியிருக்கின்றன. வேலூர் சுமார் 12.92 வடக்கு, 79.13 கிழக்கு. இதைத் திருப்பிப் போட்டால் 79.13 வடக்கு, 12.92 கிழக்கு. அது ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அங்கிருந்து சில பத்து கி.மீ. தூரத்தில்தான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

தப்பு உங்களுடையது மட்டும் அல்ல. 4326 என்ற எண் கொண்ட அதிகாரபூர்வ ஆயமுறை அட்சரேகையை முதலில் வைக்கிறது. இடங்களை ஜேசனில் எழுதும் ஜியோஜேசன் விதி தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. நிலப்படச் சேவை ஒன்றின் பழைய பதிப்பு ஒரு வரிசை, புதிய பதிப்பு இன்னொரு வரிசை. எழுதிக் கொடுக்கும்போது ‘வடக்கு’, ‘கிழக்கு’ என்று சேர்த்தே எழுதிவிடுங்கள்.

இன்னும் இரண்டு கண்ணிகள். உலகை நெடுக்கு வலயங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆயமுறையில் நம் மூன்று மாவட்டங்களும் 44-ஆம் வலயம். 78 டிகிரி கோட்டைத் தாண்டி ஓசூர் போனால் 43. அடுத்தது பழைய நிலப்படங்கள். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி வட ஆற்காடு வழியாக மேற்குக் கடற்கரை வரை முக்கோணம் போட்டு அளந்தார். அந்த மரபில் வந்த எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கின் மேல்தான் இந்தியாவின் பழைய தாள்கள் எல்லாம் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்ற கணக்கு வேறு. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். கரை கரைந்துவிட்டது, ஆக்கிரமிப்பு நடந்துவிட்டது என்று மனு எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் மழைக் கணக்கும் மழைமானிக் கணக்கும் ஏன் ஒரு நாள் தள்ளித் தள்ளி வருகின்றன?

நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் மழைமானியைக் காலை 8.30-க்குப் படிக்கிறார்கள், முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் பதிவாகும். பல நாட்டுச் செயற்கைக்கோள்களைச் சேர்த்துச் செய்யும் உலக மழைத் தொகுப்புகளில் நாள் என்பது கிரீன்விச் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நமக்கு அது காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை. நவம்பர் 18 இரவு ஏழு மணிக்குக் குடியாத்தத்தில் கொட்டிய மழை மழைமானியில் 19-ஆம் தேதி, செயற்கைக்கோளில் 18-ஆம் தேதி. நம் பக்கம் மழை பெரும்பாலும் சாயங்காலமும் இரவும் பெய்வதால் இந்தத் தள்ளல் கிட்டத்தட்ட எப்போதும் வரும்.

அரை மணிக்கு ஒரு முறை வரும் தொகுப்பை எடுத்து, 8.30 முதல் 8.30 வரை நீங்களே கூட்டுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். அந்தத் தொகுப்பிலும் ஒரு கட்டம் சுமார் 10 கி.மீ. அகலம் என்பதை மறக்க வேண்டாம்; ஒரே கட்டத்துக்குள் காட்பாடியில் மழை, பக்கத்து ஊரில் வெயில் என்பது நமக்குச் சாதாரணம்.

இந்த உலக மழைத் தொகுப்பில் நம் பங்கும் இருந்தது. 2011-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸ் அதற்குத் தரவு தந்தது.

கேள்வி: ‘வட ஆற்காடு’ என்று தேடினால் பாதித் தரவுதான் வருகிறது. மீதி எங்கே?

பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சமிருந்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர் மாவட்டம். 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உலகத் தரவுத் தொகுப்புகள் பலவற்றில் மாவட்ட எல்லைகள் ஏதோ ஒரு வருடத்தில் உறைந்துபோயிருக்கும். ‘வேலூரில் சாகுபடிப் பரப்பு திடீர் சரிவு’ என்று ஒரு வரைபடம் கண்டால் அது 2019-ஆ என்று முதலில் பாருங்கள்.

பெயரை விட்டுவிட்டு எல்லைக்கோட்டையே கொடுத்துத் தேடுங்கள். நீர் சம்பந்தப்பட்ட வேலை என்றால் மாவட்டமே வேண்டாம், ஆற்றுப் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலாற்றின் மேல்பகுதி கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் இருக்கிறது. அங்கே தேங்கும் நீரை இங்கிருந்தே பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆற்றின் நீளம் 348 கி.மீ.; ஏறக்குறைய 93 கர்நாடகம், 33 ஆந்திரம், 222 தமிழ்நாடு. நந்தி மலையில் தொடங்கிக் கல்பாக்கம் பக்கம் கடலில் சேரும் வரை சென்டினல்-2க்கு எல்லாம் ஒரே நிலம். 10 மீட்டர் படத்தில் தடுப்பணைக்குப் பின்னால் விரிந்த நீர்ப்பரப்பு தெரியும். ஆனால் பரப்புதான் தெரியும், ஆழம் தெரியாது. எத்தனை கன அடி நிற்கிறது என்று சொல்ல அந்த அணையின் கொள்ளளவு அட்டவணை வேண்டும். அது அந்தந்த மாநில அலுவலகத்தில், அந்தந்த மொழியில், பல சமயம் தாளில் இருக்கிறது.

வெளிநாட்டோடு தரவு பகிர்வதில் உள்ள எல்லாச் சிக்கலும் இந்த ஒரு ஆற்றிலேயே உண்டு. தமிழ்நாடும் ஆந்திரமும் தடுப்பணைக்காக நீதிமன்றம் வரை போன ஆறு இது. வழக்கில் இருக்கும் இரண்டு தரப்பும் ஒரே பொதுத்தரவைப் பார்த்தால் வாக்குவாதம் கொஞ்சமாவது சுருங்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: 2021 நவம்பர் போல வெள்ளம் வந்தால் வெளிநாட்டுப் படங்களைக் கேட்டுப் பெற முடியுமா?

நாடு கேட்கலாம், நீங்களும் நானும் கேட்க முடியாது. பெரும் பேரிடருக்கான சர்வதேச சாசனம் என்ற ஏற்பாடு 2000 முதல் இயங்குகிறது. 2001-ல் இஸ்ரோ சேர்ந்தது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு அழைத்தால் உறுப்பினர்கள் தங்கள் செயற்கைக்கோள்களைத் திருப்பிப் படம் எடுத்துத் தருவார்கள்.

வெள்ள நாளில் மேகம் மூடியிருக்கும், சாதாரணப் படம் உதவாது, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார்தான். 2021 டிசம்பரில் ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1பி பழுதாகிப் போனது. அதன் இடத்துக்கு அடுத்தது ஏவப்பட்டது 2024 டிசம்பரில். அந்த மூன்று வருட ஓட்டையை அடைக்க இன்னொரு நாட்டு ரேடார் இருந்தால் மட்டும் போதாது, அதன் தரவு அதே வடிவில் வந்தால்தான் ஏற்கெனவே எழுதிய வெள்ள நிரல் ஓடும். 2025 ஜூலையில் ஏவிய நைசாரில் இரண்டு ரேடார்கள்: ஒன்று நாசாவுடையது, மற்றது இஸ்ரோவுடையது. ஒரே செயற்கைக்கோளில் இரண்டு நாடு என்பதால் தரவு வடிவத்தை முன்கூட்டியே சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. நல்லதுதான்.

கேள்வி: தோல் தொழிற்சாலைக் கழிவையும் நிலத்தடி நீரையும் செயற்கைக்கோளில் பார்க்கலாமா?

தோல் பதனிடும் கழிவிலிருந்து நிலத்துக்கடியில் சேரும் குரோமியத்தைப் பார்க்க முடியாது. கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான். நிலத்தடி நீரின் எடை மாற்றத்தை, பூமியின் ஈர்ப்பை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் உணரும், ஆனால் அதன் பார்வை நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம் கொண்டது. அதை வைத்து ‘ஆம்பூரில் நீர் இறங்கிவிட்டது’ என்று யாராவது வரைபடம் காட்டினால் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் அளவை நாங்கள் உலகத்துக்குத் தர முடியுமா?

தாராளமாக. நான் மிகவும் எதிர்பார்க்கும் கேள்வி இது, யாரும் அதிகம் கேட்பதில்லை. வெளியிலிருந்து தரவு இறக்கவே எல்லோருக்கும் ஆசை. நம் பக்கத்து ஏரிகளின் நீர்மட்டம் தொடர்ச்சியாக எங்கும் இல்லாததால்தான் உலக நீர்ப்பரப்புத் தொகுப்புகள் நம் ஏரியில் எவ்வளவு தப்பு என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது.

மதகில் அடி அளவுகோல் இருந்தால் வாரம் ஒரு முறை படித்து எழுதினாலே போதும். எழுதும் விதத்தில்தான் காரியம். தேதியை 2025-11-18 என்று வருடம் முதலில் வருமாறு எழுதுங்கள்; 11/12 என்பதை அமெரிக்கர் ஒரு மாதமாகவும் நாம் வேறு மாதமாகவும் படிப்போம். நேரத்தோடு +05:30 சேருங்கள். அளவு அடியா மீட்டரா என்று பத்தித் தலைப்பிலேயே இருக்கட்டும். அளவுகோலின் பூஜ்யம் மதகின் அடித்தளமா, வேறு குறியா என்றும் எழுத வேண்டும். அது தெரியாமல் ‘6’ என்ற எண்ணால் பிரயோஜனமில்லை. கொள்ளளவு மில்லியன் கன அடியில் இருந்தால் அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் கன மீட்டரும் கொடுங்கள்: ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 28,317 கன மீட்டர்.

போகாத வாரத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். பூஜ்யம் என்றால் ஏரி வற்றிவிட்டது என்று பொருள். காலியாக விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அரசு அட்டவணைகளே அடிக்கடி சறுக்குகின்றன.

பிறகு அதை சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை), யார் எடுத்தது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா என்ற உரிமக் குறிப்போடு ஸெனோடோவில் ஏற்றலாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. நிலையான அடையாள எண் ஒன்று தருவார்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு யாரும் உங்கள் ஏரித் தரவை மேற்கோள் காட்டலாம்.

கேள்வி: எந்த ஏரியில் தொடங்கலாம்?

பெரிய ஏரியில் தொடங்குங்கள். 10 மீட்டர் பிக்சலில் சின்னக் குட்டையின் கரை எது, தண்ணீர் எது என்று பிரிப்பது கஷ்டம். காவேரிப்பாக்கம் ஏரி சௌகரியம்: மாநிலத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று, வாலாஜா அருகே 1858-ல் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது, நிரம்புவதும் குறைவதும் படத்தில் நன்றாகத் தெரியும். படங்களைத் திறந்து பார்க்கும் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருள் இலவசம். மேகம் குறைந்த ஜனவரி, பிப்ரவரிப் படங்களை எடுத்து, முதல் படத்தைத் திறந்ததும் ஏரி ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறதா, ஆர்க்டிக்கில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு மேலே போங்கள்.